சத்தியம் பண்ணினவள்

ஓதாஹூஹூ, ஆக்லாந்து
12 பிப்ரவரி 2003

மரியாதைக்குரிய ஹுலிதா அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி அகனேசி வணங்கி எழுதுவது.

இந்த நாள்வரை நம்மைப் பத்திரமாகக் கொண்டுவந்த கடவுளுக்கு நன்றி. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மெலியானே வாங்கிய தைலம் இத்துடன் வருகிறது. உங்கள் சொந்த மகள் மாதிரி பாசமாக இருக்கிறாள், என் வயிற்றில் பிறந்தாலும் அத்தையின் மூக்கு.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் ஊரில் போன் போதகர் வீட்டில் இருக்கிறது. நாம் பேசி முடிப்பதற்குள் கடற்கரைவரை செய்தி போய்விடும்.

உங்கள் தம்பி இறைச்சித் தொழிற்சாலை வேலையை விட்டதிலிருந்து வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இருக்கிறார். ஊர் நினைப்பாகவே இருக்கிறது. மூன்று மாதம் உங்களோடு இருந்தால் தெளிவார் என்று தோன்றுகிறது. உங்கள் மகன் லிசியாதேயின் மாமனாரோடு விமானம் ஏற்றிவிடுகிறேன். அக்கா கூரையின்கீழ் தம்பி படுப்பது நம் முறையில்லை, அதனால் உங்கள் முற்றத்தில் லிசியாதே வீட்டிலேயே அவருக்கும் ஒரு மூலை கொடுத்தால் போதும்.

சிரமம் ஒன்றும் தர மாட்டார். காலையில் இன்று என்ன கிழமை என்று யாராவது பேச்சோடு பேச்சாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்கும். லிசியாதேயின் லாரியை ஓட்டக் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டாம். கண் கொஞ்சம் மங்கல்.

உங்கள் பாதம் பணியும்,
அகனேசி


நெய்யாஃபு, வவாவு தீவு
20 மார்ச் 2003

அன்புள்ள அகனேசிக்கு,

கடவுள் கிருபையால் இங்கே சுகம். புயல் திசைமாறிப் போய்விட்டது. கிழங்குக்குச் சேதமில்லை. நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தைலம் நன்றாக இருக்கிறது, வாசனைதான் செத்த எலி.

தம்பி வந்து சேர்ந்தான். இரண்டு பன்றி அடித்தோம். நிலத்தடி அடுப்பிலிருந்து சேம்பிலைப் பொதி எடுத்து வைத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினான் என்று லிசியாதே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினான் பார், ஊரே அழுதது. காகிதம் ஒன்று கையில் இல்லை. போதகர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதே பிரசங்கத்தைப் பண்ணினான். நல்ல பாட்டை இரண்டு தரம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவன் சட்டைக் காலரில் எல்லாம் பெயரும் விலாசமும் தைத்து வைத்திருக்கிறாயே, எதற்கு? "என்னம்மா, உங்க தம்பி பள்ளிக்கூடத்துல சேர்ந்திருக்காரா?" என்று துணி துவைக்கிற பெண்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டு மூத்த ஆண்பிள்ளை. தொலைந்துபோகிற ஆட்டுக்குட்டி இல்லை. தையலைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
ஹுலிதா


ஓதாஹூஹூ
8 ஏப்ரல் 2003

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மெலியானேவுக்கு இருமல், வேறொன்றுமில்லை.

தையலைப் பிரித்தது சரிதான், அண்ணி. ஆனால் எதற்குத் தைத்தேன் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது?

உங்கள் தம்பி பெனிசிமானிக்கு மறதி. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை. இருபது வருடம் போன தொழிற்சாலைக்கு வழி தெரியாமல் நின்றார். விசேஷ உடுப்பின்மேல் சுற்றுகிற இடுப்புப் பாயைப் பைஜாமாவின் மேல் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். அடுப்பில் கெட்டிலுக்குப் பதில் பிளாஸ்டிக் குடத்தை வைத்தார். சொன்னால் சிரித்து மழுப்புவார். அதிலே அவர் கெட்டிக்காரர்.

ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "இன்று என்ன தேதி?" என்று டாக்டர் கேட்டார். "கர்த்தர் உண்டாக்கின நாள், டாக்டர். எல்லா நாளும் அவருதுதானே?" என்றார். பிரதமர் யார் என்று கேட்டதற்கு, "எங்களுக்கு ராஜா இருக்காரு. பிரதமர் எல்லாம் உங்க கஷ்டம்!" என்றார். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் அழகாகப் போட்டார். எண்களை எல்லாம் ஒரே பக்கம் நெருக்கி எழுதிவிட்டு, மறுபக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

படிப்புக் குறைவு, பாஷை வேறு, மனச்சோர்வாகவும் இருக்கலாம் என்று டாக்டர் யோசிக்கிறார். அதனால் எங்கள் வீட்டுக்கு வெளியே, அவரோடு சில வாரமாவது இருந்த ஒருவர் சொல்ல வேண்டுமாம். மனைவி சொல்வது மட்டும் போதாதாம். பிள்ளைகளோ, "அப்பா நல்லாத்தான் இருக்காரு, நீதான் அவரைப் பாடாய்ப் படுத்துறே" என்கிறார்கள்.

மே மாத முதல் புதன்கிழமை அந்த நர்ஸ் போதகர் வீட்டுக்கு போன் செய்வாள். இங்கே பிறந்தவள், நம் மொழி பேசுவாள். நீங்கள் கண்டதை அப்படியே சொல்லுங்கள், அண்ணி. இங்கே இருக்கும்போது ஞாயிறுதோறும் சபை வேனை அவர்தான் ஓட்டுகிறார். கிழவிகளையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறார். டாக்டர் சொன்னால்தான் சாவியை வாங்க முடியும். வேறு யார் சொன்னாலும் அவர் கேட்க மாட்டார்.

உங்கள் பாதம் பணியும்,
அகனேசி


நெய்யாஃபு
15 மே 2003

அகனேசிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே என்று எண்ணுகிறேன்.

நர்ஸ் பேசினாள். தம்பி நன்றாக இருக்கிறான் என்று சொன்னேன். ஒரு அக்காவிடம் கேட்கிற கேள்வியா அதெல்லாம்? தானே குளிக்கிறாரா, கால்சட்டை நனைகிறதா, நடத்தையில் வெட்கக்கேடு உண்டா என்று கேட்கிறாள். போதகர் பக்கத்து அறையில் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பெண்ணுக்கு அம்மா என்ன சொல்லி வளர்த்தாளோ தெரியவில்லை.

வருகிற செவ்வாய் விமானத்தில் தம்பி வருகிறான். மூன்று மாதம் முடியவில்லை என்று தெரியும். மழை அதிகம்.

நான் இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். கடிதம் இந்த விலாசத்துக்கே போடு. இனி அவனைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

ஹுலிதா


ஓதாஹூஹூ
3 ஜூன் 2003

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நலமா? மகள் வீட்டில் படி ஏறுவது மூட்டுக்குக் கஷ்டமாக இருக்குமே.

உங்கள் தம்பி வந்து சேர்ந்தார். கிழங்குக்கும் பாய்க்கும் நன்றி. மெலிந்திருக்கிறார். உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். அங்கே என்ன நடந்தது, அண்ணி? சொந்த வீட்டை விட்டு நீங்கள் ஏன் போனீர்கள்?

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சந்தோஷம். "அக்கா ரொம்ப நல்ல விதமா சொல்லியிருக்காங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் இவர் என் தோளைத் தட்டி, "பார்த்தியா, அக்கா சாட்சி சொன்னா அப்பீல் கிடையாது" என்றார். மெலியானே என் முகத்தைப் பார்க்கவில்லை. சபையில் நான் கணவனைப் பைத்தியம் ஆக்கப் பார்த்தவள் ஆகிவிட்டேன்.

வேன் சாவி மறுபடி அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

உங்களிடம் கெஞ்சிக் கேட்டேன். நீங்கள் ஒன்றுமே காணவில்லையா? நிஜமாகவே காணவில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள். எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அகனேசி


ஓதாஹூஹூ
2 ஆகஸ்ட் 2003

ஹுலிதா அண்ணிக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. உடம்பு சுகம்தானே?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரையும் வேனில் ஏற்றியவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. துறைமுகச் சாலையில் விட்டிருக்கிறார். "எங்கே போறீங்க?" என்று கேட்டதற்கு, "கப்பல் கிளம்பிடும், சும்மா இருங்க" என்றாராம். சிவப்பு விளக்கைத் தாண்டிச் சுவரில் மோதினார். அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. முன் இருக்கையில் இருந்த லூப்பேக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்த அதே லூப்பேதான். இனி ஊன்றுகோல் இல்லாமல் நடப்பாளா என்று தெரியாது.

நேற்று அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிசியாதேயின் கொழுந்தியாள் வந்திருந்தாள். என்னைத் தனியே இழுத்து, "அக்கா, அங்க பெரியம்மா வீட்டுக்குள்ள இவரு போயிட்டாராமே? அதனாலதானே அவங்க வீட்டையே விட்டுட்டாங்க?" என்றாள். வவாவு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

தெரிந்துகொண்டே நர்ஸிடம் பொய் சொன்னீர்கள். நான் பிச்சைக்காரி மாதிரி கேட்டும் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து உங்கள் பேச்சுக்கு நான் மறுபேச்சுப் பேசியதில்லை. என் பிள்ளைகளின் கல்யாணத்தில் முதல் பாயை உங்களுக்குத்தான் விரித்தேன். அதற்கு நீங்கள் செய்தது துரோகம், அண்ணி. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அகனேசி


நெய்யாஃபு
30 ஆகஸ்ட் 2003

அகனேசி,

உயிரோடு இருக்கிறேன். லூப்பேக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

துரோகம் என்று எனக்கு எழுதுகிறாய். முதலில் துரோகம் செய்தது யார்? ஊர் நினைப்பு, கண் மங்கல் என்று கதை கட்டி, புத்தி கலங்கிய என் தம்பியை மூட்டை கட்டி என் தலையில் இறக்கினாயே, அதற்குப் பெயர் என்ன? உண்மையை நீ எழுதியபோது அவன் என் முற்றத்துக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. உன் கடிதத்தை நான் பிரித்த நாளில் நடக்கக்கூடாதது நடந்து முடிந்திருந்தது.

கேள். இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

மீசை முளைத்து அவன் ஆண்பிள்ளைகள் குடிசைக்குப் போனதிலிருந்து அவனும் நானும் ஒரு கூரையின்கீழ் படுத்ததில்லை. நான் இருக்கிற இடத்தில் அவன் கெட்ட வார்த்தை ஒன்று பேசியதில்லை. என் கட்டிலை அவன் பார்த்ததே இல்லை. அப்பா செத்தபோதுகூட வாசலில் நின்றுதான் என்னோடு அழுதான். அப்படிப்பட்ட தம்பி.

அன்று மத்தியானம் நல்ல மழை. மேல்துணி இல்லாமல் பாயில் படுத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தான். நனைந்த கால்சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு என் பக்கத்தில் படுத்தான். "அகனேசி, முதுகைக் கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்றான்.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். "அகனேசி, நான் மறக்குறேன்னு அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது. அவ என்னை ராஜா மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கா. நீ சத்தியம் பண்ணியிருக்கே, ஞாபகம் இருக்குல்ல?" என்றான். சொல்லிவிட்டு அழுதான்.

நான் சொறிந்துவிட்டேன், அகனேசி. அவன் தூங்குகிறவரை சொறிந்துவிட்டேன். பிறகு மேலே ஒரு துணியை இழுத்துப் போர்த்திவிட்டு, மழையோடு போய்க் கடலில் முழுகினேன். திரும்பி வரும்போது லிசியாதேயின் மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவனையும் பார்த்துவிட்டாள், என்னையும் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எப்படித் தூங்குவேன்?

இதைத்தான் போதகர் செருமிக்கொண்டிருக்கும்போது உன் நர்ஸிடம் சொல்லியிருக்க வேண்டுமா?

அவன் சத்தியத்தை நான் காப்பாற்றினேன். பண்ணிக்கொடுத்தவள் நீ, உடைத்ததும் நீ.

ஹுலிதா


ஓதாஹூஹூ
16 செப்டம்பர் 2003

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இன்று வேறு வாழ்த்து எனக்கு வரவில்லை.

சத்தியம் பண்ணியது உண்மை. தொழிற்சாலைக்கு வழி தெரியாமல் நின்றவரைப் போலீஸ்காரன் கூட்டிவந்து விட்ட அன்று, பைபிளின்மேல் என் கையை இழுத்து வைத்து வாங்கிக்கொண்டார். இரண்டு வருடம் காப்பாற்றினேன். கோயிலில் எதிரே வருகிறவர் பெயரை அவர் காதில் ஓதிக்கொண்டே நடந்தேன். "உன் பொண்டாட்டி உன்னை விட்டு ஒரு அடி நகர மாட்டேங்கிறாளே" என்று கேலி செய்தார்கள். எனக்குத் தாங்காமல் போன பிறகுதான் உங்களிடம் அனுப்பினேன். உங்களிடம் அவர் இப்படி வந்து படுப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. சொல்லாமல் அனுப்பியது துரோகம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்களுக்கு எழுதிய வார்த்தையை நான் திரும்ப எடுக்க மாட்டேன். லூப்பே படுத்துக்கிடக்கிறாள்.

இன்னொன்றும் கேளுங்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று சபை மூப்பர்கள் போலீஸிடம் சொல்லிவிட்டார்கள். பிரசங்கியாரின் மானத்தைக் காக்கிறார்களாம். வேனைப் பழுதுபார்த்ததும் சாவி அவரிடமே போகும். இந்த முறை யார் சாகப்போகிறார்களோ தெரியாது. நர்ஸ் உங்களிடம் ஒரே ஒரு முறை பேசக் கேட்கிறாள். நான் சொன்னால் காதில் விழுந்த கதை. நீங்கள் சொன்னால்தான் சாட்சி. நீங்கள் சரி என்று சொல்லாமல் அந்த மத்தியானத்தைப் பற்றி என் வாய் திறக்காது.

அகனேசி


நெய்யாஃபு
9 அக்டோபர் 2003

அகனேசிக்கு,

மழை விட்டுவிட்டது. கால்வலி அப்படியேதான்.

சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். போதகரிடம், "வெளிய போங்க" என்றேன். "என் வீடும்மா இது" என்றார். "அப்போ உங்க மனைவியையும் கூட்டிக்கிட்டுப் போங்க, கடற்கரை பக்கம் நல்ல காத்து" என்றேன். போய்விட்டார்கள்.

அந்தப் பெண் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. முடித்தபோது அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "பெரியம்மா, நன்றி. இதைச் சொல்ல எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்" என்றாள். அவளை வளர்த்த அம்மாவைப் பற்றி நான் எழுதியதை மன்னிக்கச் சொல்.

இப்போது நாம் இரண்டு பேருமே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டோம். உனக்குத் துணை கிடைத்தது என்று சந்தோஷப்படாதே.

ஹுலிதா


ஓதாஹூஹூ
30 நவம்பர் 2003

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நாம் எல்லோரும் இன்னும் உயிரோடு இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி. லூப்பே எழுந்து நாலு எட்டு நடந்தாள். உங்களை விசாரித்தாள்.

நீங்கள் பேசிய பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். தைராய்டோ, சத்துக்குறைவோ, கட்டியோ இருந்தால் சரியாக்கிவிடலாம் என்றார்கள். அதில் ஒன்றாவது இருக்கட்டும் என்று நான் ஜெபித்தேன். கட்டி இருக்க வேண்டும் என்று ஜெபித்த மனைவி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒன்றும் இல்லை. மூளையே சுருங்கி வருகிற நோய். திரும்பாது. மாத்திரை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டரே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். இவர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லிட்டே" என்றார். அவ்வளவுதான்.

கதவுகளில் படம் ஒட்டியிருக்கிறோம், கழிப்பறையைக் கண்டுபிடித்துவிடுகிறார். மெலியானே வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டு என்னோடு மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறாள். "மன்னிச்சிடும்மா" என்று ஒரு நாள் என் மடியில் விழுந்தாள். உங்கள் படத்தைக் காட்டினால் இவர் தலையைக் குனிந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். அந்த மரியாதை இன்னும் உடம்பில் இருக்கிறது, அண்ணி. அந்த மத்தியானம் அவர் நினைவில் இல்லவே இல்லை. நீங்கள் உங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனது மறந்துவிட்டது. லூப்பேக்கு அடிபட்டது மறந்துவிட்டது. என்னைப் பார்த்தால் மட்டும் முகம் இறுகிவிடுகிறது. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. யாரோ தன்னைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பது மட்டும் ஆறாத புண்ணாக உள்ளே இருக்கிறது. நான் கொடுக்கிற மாத்திரையைத் துப்பிவிடுகிறார். இன்று காலை கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"யாரும்மா நீ? உன் கையால வேணாம். என் பொண்டாட்டி அகனேசி வரட்டும். அவ எனக்குச் சத்தியம் பண்ணினவ. செத்தாலும் காட்டிக்கொடுக்க மாட்டா."

"வருவாங்க. அவங்கதான் இதைக் கொடுக்கச் சொன்னாங்க" என்றேன்.

உடனே வாயைத் திறந்தார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி
அகனேசி